பதினோரு நாளாய் இறங்காத கேன்

நாடி பிடித்து நோய் சொல்பவர்கள் உண்டு. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துச் சொல்பவர்கள் உண்டு. தண்ணீர் கேனைத் தூக்கிப் பார்த்து, "இந்த வீட்டுல ஒரு ஆளுக்கு மனசு சரியில்ல" என்று சொல்லக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருத்தர்தான். அவர் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் போடும் கேன் அண்ணாச்சி. மருத்துவம் படித்தவர்கள் கோபித்துக்கொள்ளலாம். தாராளமாகக் கோபித்துக்கொள்ளட்டும், நான் அவர் கட்சி.

நடந்து போகிற தூரத்தில் தாமிரபரணி ஓட, கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற அதிசயப் பிறவிகள் நாங்கள். வெளியூர்க்காரர் யாராவது சிக்கினால் ஆற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றி அரை மணி நேரம் விடாமல் பேசுவோம். பேசித் தொண்டை வறண்டதும் கேனைச் சரித்து ஒரு தம்ளர் குடிப்போம். அந்தக் கேனைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்தான் நம்மாள். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாத உடம்பு. மூன்றாவது மாடிக்கு இரண்டு தோளிலும் இரண்டு கேனோடு ஏறுவார். ஏறிப் போய் மூச்சு வாங்காமல் வம்பும் பேசுவார்.

மற்ற ஊர்களில் கேன் போடுகிறவர்கள் வாசலில் வைத்துவிட்டு மணியை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் அடுப்படி வரைக்கும் வருவார். வேண்டாம் என்றால் விடமாட்டார். பழைய கேனைத் தூக்கிக் கனம் பார்ப்பார், ஒரு ஆட்டு ஆட்டுவார், காதைக் கொண்டுபோய் வைத்துக்கூடக் கேட்பார். புதுக் கேனின் கழுத்தில் ஸ்கெட்ச் பேனாவால் தேதியை எழுதுவார். தனியாள் என்றால் ஐந்து நாள், புருஷன் பெண்டாட்டி என்றால் மூன்று நாள், விருந்தாளி வந்தால் ஒரு நாள். இதுதான் அவர் வாய்ப்பாடு. இதில் ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம். அதற்கு மேல் போனால் விசாரணை தொடங்கிவிடும்.

"தூங்குதீரா வே? சாப்பிடுதீரா வே? சிரிக்கீரா வே?"

மூன்றே கேள்வி. நீதிபதியாக இருந்தாலும் நெல் மூட்டை தூக்குகிறவராக இருந்தாலும் அவருக்கு எல்லோரும் 'வே'தான். குரலைத் தணித்துப் பேச அவருக்குத் தெரியாது. அவர் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவில் கொஞ்சம் தெளிவில்லாமல் கேட்கும், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் பக்கத்தில் பைத்தியத்துக்குக் கோட்டி என்று பெயர். தெருவில் பாதிப் பேர் அவர் முதுகுக்குப் பின்னால் அவரைக் கோட்டி என்றுதான் சொன்னார்கள். முன்னால் சொல்லத் தைரியம் கிடையாது, தண்ணீர் வேண்டுமே.

அவர் கணக்கு தப்பியதே இல்லையா? அழகாகத் தப்பியிருக்கிறது. தெருக்கோடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானதுரை சார் இருக்கிறார். மனைவி காலமான பிறகு தனியாள். ஒரு தடவை அவர் வீட்டுக் கேன் ஒன்பது நாளாகியும் கால்வாசிகூட இறங்கவில்லை. அண்ணாச்சி மூன்று கேள்வி கேட்டார். சார் மூன்றுக்கும் திருட்டு முழி முழித்தார். அவ்வளவுதான், சாத்தான்குளத்தில் இருக்கிற மகளுக்குப் போன் போய்விட்டது. அந்தப் பெண் அடித்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, வழி நெடுக அழுதுகொண்டு வந்தது. பாஸ்டர் வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார். ஜெபம் முடிந்து எழும்போது அவர் தோள் பட்டு, சுவரில் மாட்டியிருந்த மேஜை விரிப்பு நழுவியது. விரிப்புக்குப் பின்னால் புத்தம் புதிய தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் சிவப்பு விளக்கோடு மினுங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி மனசு சங்கடப்படுமே என்று பயந்து, சார் அதை ஒன்பது நாளாக மூடி வைத்திருந்திருக்கிறார்.

தெருவே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"தப்பாப் போச்சுன்னா என்ன வே இப்பம்? மக ஆறு மாசம் கழிச்சு அப்பன் வீட்டுக்கு வந்திருக்கு. உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்காவ. இதுல யாருக்கு என்ன நட்டம்?"

நட்டம் யாருக்கும் இல்லைதான். அதே வருடம் இன்னொரு வீட்டில் நேர்மாறாக, இரண்டே பேருக்கு ஒரு நாளைக்கு இரண்டு கேன் தீர்ந்தது. கேன் ஒழுகுகிறது என்று அந்த வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அண்ணாச்சி கேனைப் பார்க்கவில்லை, அவர் மனைவியின் கைகளைப் பார்த்தார். கழுவிக் கழுவித் தோல் உரிந்திருந்தது. குழாய்த் தண்ணீர் சுத்தமில்லை என்று பயந்து, கேன் தண்ணீரில் விடாமல் கைகழுவிக்கொண்டிருந்தது அந்தப் பெண். புருஷனுக்கு அது சுத்தபத்தமாகத் தெரிந்திருக்கிறது, அண்ணாச்சிக்கு அது அவஸ்தையாகத் தெரிந்தது. டாக்டரிடம் போனார்கள். இப்போது அந்த வீட்டுக்கு மூன்று நாளைக்கு ஒரு கேன்தான்.

இனி என் கதை.

நான் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். மனைவிக்கு ஆழ்வார்திருநகரியில் டீச்சர் வேலை, மகள் அவளோடு. நான் பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு சனி, ஞாயிறு மட்டும் ஊருக்குப் போவேன். அப்போதும் பத்திரிகையில் இந்தப் பத்தியை வாராவாரம் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். நீங்களும் படித்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். எழுதிய ஆசாமி பாயை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தது உங்களுக்குத் தெரியாது. சோறு பொங்கவில்லை. போன் அடித்தால் அடித்து ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். குளிப்பது மலையேறுகிற வேலையாகத் தெரிந்தது. சனிக்கிழமை மட்டும் முகத்தைக் கழுவி, சிரித்துவிட்டு வருவேன். காரணம் என்று எதுவும் கிடையாது. கடன் இல்லை, சாவு இல்லை, சண்டை இல்லை. காரணம் இல்லாமல் கிடக்கிறோமே என்பதுதான் பெரிய வெட்கமாக இருந்தது.

அண்ணாச்சி வந்தார். கேனைத் தூக்கினார். கழுத்தில் எழுதியிருந்த தேதியைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார்.

"பதினோரு நாளு. பாதிகூட எறங்கல. தூங்குதீரா வே?"

"நல்லாத் தூங்குதேன் அண்ணாச்சி."

"சாப்பிடுதீரா?"

"ஓட்டல்ல."

"உம்ம அடுப்படியில குப்பைகூட இல்ல. ஓட்டல்ல சாப்பிடுதவன் வீட்டுல ஒரு பொட்டலக் காகிதமாவது கெடக்கும்."

எனக்கு எரிச்சல் வந்தது. "உம்ம வேலையப் பாரும் அண்ணாச்சி" என்றேன்.

"பாத்துட்டுத்தான இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வண்டியில் முப்பது கேன் காத்திருந்தது. தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவர் அசையவில்லை. பிறகு கேட்டார்.

"செத்துப் போயிரலாம்னு நெனைப்பு வருதா வே?"

அத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. மழை வருமா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். அதனால்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

"காலையில முழிக்காமலே இருந்துட்டா நல்லதுன்னு தோணுது."

பதறுவார் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினார். "தைரியமா இரும்னுல்லாம் நான் சொல்ல மாட்டேன். தைரியம் இருந்தா கேன் எறங்கியிருக்கும்லா. சொல்லிட்டீரு, அதுவே பெருசு. இனி இத நீரு ஒத்தையில தூக்காண்டாம். வீட்டம்மாட்ட நீரு சொல்லுதீரா, நான் சொல்லட்டா?"

அவர் குரலில் அந்தச் செய்தி ஆழ்வார்திருநகரி வரைக்கும் போன் இல்லாமலே கேட்டுவிடும். நானே அழைத்தேன். மனைவி மத்தியான பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். அதுவரைக்கும் அண்ணாச்சி இடத்தை விட்டு நகரவில்லை. அன்று தண்ணீர் வராத முப்பது வீட்டுக்காரர்களும் அவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

மறுநாள் காலையில் குட்டி யானையின் முன் சீட்டில் நானும் மனைவியும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். முந்தின நாள் பாக்கிக் கேன்களை அண்ணாச்சி போகிற வழியிலேயே போட்டுக்கொண்டு போனார். ஒவ்வொரு வாசலிலும் அவர் குரல் முழங்கியது.

"இன்னைக்கு நிக்க நேரமில்ல. மாடி சார மனசு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன்."

நாலாவது வாசலுக்கு நாங்கள் போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வீட்டு அம்மா வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேனை வாங்கக்கூட மறந்து நின்றார். நான் சீட்டுக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று தேடினேன்.

டாக்டர் ஒரு இளம் பெண். தூக்கம், சாப்பாடு, நினைப்பு என்று எல்லாம் பொறுமையாகக் கேட்டார். இதற்கு வைத்தியம் உண்டு, மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்தக் கூடாது, கொஞ்ச நாள் தனியாக இருக்க வேண்டாம் என்றார். மனைவி லீவு போட்டுக்கொண்டு மகளோடு வந்து தங்கினாள். ஒரு வாரத்தில் நான் சவரம் செய்துகொள்கிற அளவுக்குத் தேறினேன்.

அப்போதுதான் கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்கார அக்கா படியேறி வந்தார். கெட்ட மனுஷி இல்லை, பொங்கலுக்குக் கரும்பு தருகிறவர்தான்.

"தம்பி, மாசக் கடைசில மாடியக் காலி பண்ணிருங்க. வேற ஆளு வருதாவ."

"யாருக்கா வருதாவ?"

"வருவாவ." கொஞ்சம் தயங்கினார். "பேரப் பிள்ளையள் ஓடியாடுத வீடு. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்ல?"

என் மகளும் அந்த முற்றத்தில்தான் அந்தப் பிள்ளைகளோடு ஓடியாடிக்கொண்டிருந்தாள். நான் திரும்பவும் பாயை விரித்துப் படுத்துவிட்டேன்.

அடுத்த கேனோடு வந்த அண்ணாச்சியை ஒரு பிடி பிடித்தேன். "என் சேதிய ஊரெல்லாம் கூவ உமக்கு யாரு வே அதிகாரம் கொடுத்தா? நல்லது செய்யுதேன்னு வீட்டுக்கே உலை வச்சிட்டீரே."

பல்லுக்கு டாக்டரிடம் போனால் சொல்லமாட்டோமா என்று மல்லுக்கு நிற்பார் என்று எதிர்பார்த்தேன். தலை குனிந்து நின்றார். அவர் குரல் தணிந்து கேட்டது அன்றுதான்.

"அது உம்ம சேதி. உம்மட்ட கேக்காம நான் எடுத்துக் கொடுத்தது தப்புதான். மன்னிச்சிக்கிடும்."

சொல்லிவிட்டுப் பைய இறங்கிப் போனார். கீழ் வீட்டுக்குப் போட வேண்டிய கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு முற்றத்தில் போய் நின்றார். வழக்கமான குரல் திரும்பிவிட்டது.

"அக்கா, ஒரு சேதி. இது என் சேதி, அதனால நான் சொல்லலாம். எட்டு வருசமா நான் மனசுக்கு மாத்திரை போடுதேன். இந்த சார் போன அதே ஆஸ்பத்திரி. எட்டு வருசமா உங்க அடுப்படி வரைக்கும் வாறேன். நான் தூக்கிட்டு வந்த தண்ணியிலதான் உங்க பேரன் பால் குடிச்சு வளந்தான். அவரு மாடியில இருக்கக் கூடாதுன்னா, நானும் உள்ள வரக் கூடாது. ஒரு சொல்லு சொல்லுங்க, இந்தக் கேன இங்கனயே எறக்கிட்டுப் போயிருதேன்."

தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஞானதுரை சார் செய்தித்தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றார். அண்ணாச்சி தோளை மாற்றவில்லை, முகத்தையும் திருப்பவில்லை. இருபது லிட்டரோடு அப்படியே நின்றார். வீட்டுக்கார அக்கா முந்தானையை இழுத்து இழுத்துச் செருகினார். மாடிப்படியில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"உள்ள கொண்டாந்து வைங்க. தோளு வலிக்கும்லா" என்றார்.

காலி செய்கிற பேச்சு அத்தோடு போயிற்று. வரப்போவதாகச் சொன்ன அந்த வேற ஆள் இன்றுவரை வரவில்லை.

ஆனால் பக்கத்துத் தெருவில் நான்கு வீடுகளில் அண்ணாச்சியிடம் தண்ணீர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அவரிடம் கேட்டபோது, "ஆறு ஓடுதுல்லா, போய் மோந்துகிடட்டும்" என்றார். அந்த நான்கு வீட்டாருக்கும் இந்தப் பத்தி போய்ச் சேரும் என்று நம்புகிறேன். ஐயா, அம்மா, நானும் மாத்திரை சாப்பிடுகிறேன். இந்தக் கட்டுரையைக்கூடக் காலை மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் எழுதினேன். வேண்டுமானால் பத்திரிகையையும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது மாதத்துக்கு ஒரு தடவை நானும் அண்ணாச்சியும் குட்டி யானையில் ஒன்றாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அங்கே போனதும் அவர் வேறு ஆளாகிவிடுவார். பேச்சு நின்றுவிடும். அத்தனை பெரிய உடம்பை பெஞ்சின் ஓரத்தில் ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எட்டு வருடமாக வந்தும் அந்தக் கதவைக் கண்டால் இன்னும் பயம். இத்தனை காலமும் தனியாகவே வந்து போயிருக்கிறார் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவர் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போவார், கதவில் கை வைத்ததும் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்ப்பார். நான் எங்கேயும் போய்விட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் பார்ப்பார். அவர் திரும்பினால் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துத்தான் நானும் ஒவ்வொரு மாதமும் உட்காருகிறேன்.