ஹபெனுலாக்காரர்

ஒற்றை விஷயக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. மழையைப் பற்றிப் பேசுங்கள், மாமியாரைப் பற்றிப் பேசுங்கள், தாம் படித்த அந்த ஒன்றிலேயே கொண்டுவந்து நிறுத்துவார்கள். இவர்களில் உயர்ந்த ரகம் ஒன்று எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது. பேராசிரியர். குரங்கு மூளையில் ஹபெனுலா என்றொரு நரம்பு முடிச்சு இருக்கிறதாம். அவருடைய உத்தியோகமே அதுதான். தெருவில் அவருக்குப் பெயரும் ஹபெனுலாக்காரர்தான்.

அது எங்கே இருக்கிறது என்று தவறியும் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். மாடிப்படியில் காய்கறிப் பையோடு என்னை நிற்க வைத்து, "மூளைக்கு நடுவுல, பினியல் சுரப்பியை ஒட்டி, இடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் ஒண்ணு, பாதிப் பயறு அளவுதான் சார்" என்று ஆரம்பித்தவர், பை கை மாறி, மறுபடி கை மாறி, கடைசியில் தரைக்கு இறங்கிய பிறகும் நிறுத்தவில்லை. விஷயம் இதுதான்: திரையில் ஒரு படம் தெரிந்தால் குரங்குக்குப் பழரசம் வரும். படத்தைக் காட்டிவிட்டுப் பழரசத்தைக் கொடுக்காமல் விட்டால், அந்தப் பாதிப் பயறு படபடவென்று துடிக்கும். துடித்து, உற்சாகம் தரும் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களின் வாயை அடைத்துவிடும். அதாவது, ஏமாற்றம்.

அன்றிலிருந்து கவனிக்கிறேன். பஸ் நிற்காமல் போனால் நாமெல்லாம் டிரைவரைத் திட்டுவோம். இவர் காத்திருந்தவர்களின் முகங்களை ரசிப்பார். வேலை கிடைக்கவில்லை என்று கண்கலங்கிய மைத்துனரிடம், "பலமாத் துடிக்குதில்ல?" என்று விசாரித்தவர்.

இவருக்கு ஒரு மகள், நீச்சல் வீராங்கனை. போட்டிக்குப் போட்டி "அப்பா கட்டாயம் வரேன் கண்ணு" என்பார். அன்றைக்கென்று பார்த்து ஆய்வகத்தில் குரங்கு நன்றாக ஒத்துழைக்கும். குளக்கரையில் நின்று அவள் பார்வையாளர் வரிசையைத் தேடுவாள். அம்மா கைப்பை போட்டுப் பிடித்துவைத்த நாற்காலி காலியாக இருக்கும். வீட்டுக்கு வந்து அழுவாள். நடுச்சுவர் மெல்லியது, எங்களுக்கு எல்லாம் கேட்கும்.

போன முறையும் அவர் போகவில்லை. ஆனால் அழுகைச் சத்தம் இல்லை. மறுநாள் தம்பதியாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர் முகமெல்லாம் பூரிப்பு.

"பொண்ணுக்குப் பக்குவம் வந்துடுச்சு சார். வர முடியலம்மான்னேன். பரவாயில்லப்பான்னு சொல்லிட்டுப் போயிட்டா."

அவர் மனைவி டீயைக் கீழே வைத்தார். "ஏங்க, பழரசம் எப்பவுமே வராதுன்னு தெரிஞ்சுபோன குரங்குக்கு அது துடிக்குமா?"

"அதெப்படித் துடிக்கும்? எதிர்பார்த்தாத்தானே ஏமாற்றம்?"

உற்சாகமாகத்தான் சொன்னார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஹபெனுலாவைப் பற்றிப் பேச ஆரம்பித்து அவர் பாதியில் நிறுத்தியதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த போட்டிக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிட்டார். நானும் போயிருந்தேன். மகள் குளக்கரைக்கு வந்தாள். கண்ணாடியை மாட்டினாள். தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவர் எழுந்து நின்று கையை ஆட்டினார், இரண்டு கையையும் ஆட்டினார். அவள் நிமிரவே இல்லை. நிமிர்ந்து தேடுகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவர் மண்டைக்குள் அந்தப் பாதிப் பயறு என்ன பாடுபட்டதோ.

நல்லவேளை, நீங்களும் நானும் அந்த ரகம் இல்லை. நமக்கு ஆய்வகமும் கிடையாது, குரங்கும் கிடையாது. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்க உட்கார்ந்தபோது உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், "இதோ வரேன்" என்றீர்கள். அப்புறம் மறுபடி கூப்பிட்டார்களா?