மரகதம் கிணற்றடியில் நிற்கிறாள்

புத்தகத்தைப் பரிசாகக் கொடுப்பவர்களில் பாதிப் பேர், வாங்குகிறவர் அதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் கொடுக்கிறார்கள். அலமாரியில் நிற்கும், வருகிறவர்கள் பார்ப்பார்கள், கொடுத்தவன் பெயர் முதல் பக்கத்தில் இருக்கும். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. ஆவூரில் ஒரு குடும்பம் இரண்டே வாரத்தில் அதைத் தீர்த்துவைத்தது.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் விராலிமலையில் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணத்துக்கு நிற்கிற வயது, காற்றடித்தால் சாய்கிற உடம்பு. ஆவூர் சவரிமுத்து அவர்களின் மகள் ஆரோக்கியமேரியை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண். போய்ப் பார்த்தாயிற்று, எனக்குப் பிடித்தும் போயிற்று. என்னைப் பிடித்திருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. அங்கேயிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: மாப்பிள்ளைக்குப் புத்தகம் படிக்கும் பழக்கம் உண்டா? ரூம் முழுக்கப் புத்தகம்தான் என்று சொல்லியனுப்பினேன். (எல்லாம் பாடப்புத்தகம். அதுவும் பள்ளிக்கூடத்துடையது.) கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு வரச்சொன்னார்கள். ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராசாக்கள் திருநாளன்று முடிவு சொல்வதாகவும் தகவல் வந்தது.

அந்த வீட்டுக்கு வாழைத்தாரும் பலகாரமும் யார் வேண்டுமானாலும் கொண்டுபோவார்கள். படித்த மாப்பிள்ளை புத்தகம் கொண்டுபோக வேண்டாமா? என்னோடு அறையில் இருந்த வாத்தியார் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது ஒரு காகிதக் கட்டை விட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தக் காலத்தில் பத்திரிகைத் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைத்துக்கொள்வார்கள். அவர் சேர்த்தார், பைண்டு செய்யாமலே போய்விட்டார். அதைப் புதுக்கோட்டைக்கு எடுத்துக்கொண்டு போனேன். சிவப்புக் காலிகோத் துணி அட்டை, முதுகில் தங்க எழுத்து என்று உத்தரவு போட்டேன்.

பைண்டர் கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"கடைசில கொஞ்சப் பக்கத்தக் கரையான் அரிச்சிருக்கு சார். சேத்துத் தைச்சா அசிங்கமா இருக்கும்."

"எடுத்துருங்க."

"கதை கொறையுமே சார்?"

"கடைசி வரைக்கும் யாருங்க படிக்கப் போறாங்க?" என்றேன். (இந்த வசனத்தை இன்று என் பேரப்பிள்ளைகள் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள்.)

கிறிஸ்மஸ் அன்று சவரிமுத்து மாமா புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நீங்க படிச்சதுதாங்களா?"

ஆமாம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். என் நாக்கு அப்படிப்பட்டதல்ல. "ரெண்டு தடவ படிச்சிட்டேங்க மாமா. ரெண்டு தடவையும் அழுதேன்" என்றேன். அழுததைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்தார்கள். தூங்கத்தான் என்று நினைத்து ஓரமாகச் சாயப் போனேன். அப்போதுதான் அந்த வீட்டு வழக்கம் தெரிந்தது. கிறிஸ்மஸ் மத்தியானம் தொடங்கி மூன்று ராசாக்கள் திருநாள் வரை தினமும் வீடே கூடி உட்கார்ந்து ஒரு புத்தகம் கேட்பார்களாம். வழக்கமாக ஏதாவது ஒரு புனிதரின் சரித்திரம்.

"இந்த வருசம் ஒங்க புத்தகம். கொண்டாந்தவங்களே வாசிக்கிறதுதான் எங்க பழக்கம். லீவுதானே, தெனமும் சாப்பாட்டுக்கு இங்கிட்டே வந்துருங்க" என்றார் மாமா.

அடுக்களை வாசலில் ஆரோக்கியமேரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

கிழித்துச் சேர்த்த புத்தகத்தில் ஒரு தொல்லை உண்டு. கதைப் பக்கத்தின் மறுபுறத்தில் பத்திரிகையின் வேறு சமாசாரம் இருக்கும். படித்தவனுக்கு எங்கே தாண்ட வேண்டும் என்று தெரியும். நான் தாண்டவில்லை. கதாநாயகி மரகதத்துக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, பக்கத்தைத் திருப்பினேன், அதே உருக்கத்தோடு, "கால்படி உளுந்தை நன்றாக ஊறவைத்து" என்று வாசித்தேன்.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்குக் கால்படி பத்தாதே" என்றார் மாமாவின் அக்கா. பெண்ணுக்கு அத்தை, அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். எனக்கு உறைக்கவில்லை. வடையைச் சுட்டெடுத்து, அடுத்திருந்த சோப்பு விளம்பரத்துக்குள்ளும் பாதி தூரம் போய்விட்டேன். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு தடவை படித்தவனைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

ஆனாலும் கதை பிடித்துக்கொண்டது. தினமும் வெயிலில் சைக்கிளை மிதித்து ஆவூருக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறியது. மரகதத்துக்கு ஒரு குரல், அவளைக் கொடுமைப்படுத்தும் சித்தப்பாவுக்கு ஒரு குரல் என்று பிளந்து கட்டினேன். அவளுடைய காதலன் ராஜசேகரன் ரயிலில் அடிபட்டுச் செத்த அன்று அத்தை ராத்திரி சாப்பிடவில்லையாம். வாசிப்பு முடிந்தால் புத்தகத்தை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அதனால் நானும் அவர்களோடு சேர்ந்துதான் ஒவ்வொரு நாளும் கதையைத் தெரிந்துகொண்டேன். பைண்டரையும் கரையானையும் சுத்தமாக மறந்துபோனேன்.

மூன்று ராசாக்கள் திருநாள் வந்தது. வீடு கொள்ளாத கூட்டம். மரகதம் கிணற்றடியில் நிற்கிறாள். தாலி கட்டப் போகிற கிழவன் கூடத்தில் காத்திருக்கிறான். "அவள் கண்களை மூடிக்கொண்டாள். ஒரு காலை எடுத்து" என்று வாசித்துப் பக்கத்தைத் திருப்பினேன். பைண்டர் ஒட்டிய வெள்ளைத் தாள். அதற்குப் பிறகு அட்டை.

புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெள்ளைத் தாளை வாசிக்க ஆரம்பித்தேன்.

"எடுத்து... வைக்கும் முன், ஒரு கை அவளைப் பிடித்து இழுத்தது. திரும்பிப் பார்த்தாள். அங்கே ராஜசேகரன் நின்றுகொண்டிருந்தான்."

அத்தைதான் கேட்டார்.

"அவந்தான் ரயில்ல அடிபட்டுச் செத்துட்டானே தம்பி?"

"அடிதாங்க பட்டுச்சு. சாகல."

"நாலு பேரு தூக்கிட்டுப் போயிப் பொதைச்சாகளே. நீங்கதானே வாசிச்சீங்க?"

"அது... அவனுக்கு ஒரு தம்பி, இரட்டைப் பிள்ளை" என்று தொடங்கினேன். மாமா எழுந்து வந்து, புத்தகத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, வெள்ளைத் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உள்ளதச் சொல்லுங்க. இத நீங்க படிச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க மாமா. உங்களோட சேந்துதான் படிச்சேன்."

கிணற்றில் மரகதம் குதித்தாளோ இல்லையோ, நான் குதிக்கத் தயாராக இருந்தேன். சம்பந்தம் போயிற்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆரோக்கியமேரியை இனிப் பார்க்க முடியாது என்று நினைத்தபோது உண்மையாகவே கண் கலங்கியது. அந்தப் புத்தகத்துக்காக நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

அடுக்களை வாசலிலிருந்து ஆரோக்கியமேரி முதன்முறையாகச் சபையில் பேசினாள்.

"அப்பா, அந்தக் கதைய நான் ஹாஸ்டல்லயே படிச்சிட்டேன். முடிவு எனக்குத் தெரியும்."

"மொத நாளே சொல்றதுக்கென்ன?"

"நல்லா வாசிச்சாங்க. அதான் விட்டுட்டேன்."

அத்தைக்கு அதுவெல்லாம் காதில் விழவில்லை. "விழுந்தாளா இல்லையா, அதச் சொல்லு ஆத்தா."

"இப்ப வேணாம் அத்தை. பெறகு அவங்ககிட்ட சொல்லிக்கிறேன்" என்று என்னைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கூட்டத்துக்கு அந்தப் 'பெறகு' புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாமாவுக்கு முதலில் புரிந்தது, சிரித்துவிட்டார். கடைசியாகப் புரிந்தது எனக்குத்தான். தை பிறந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள், கல்யாணமும் ஆயிற்று.

அந்தப் 'பெறகு' மட்டும் இன்னும் வரவில்லை. பத்திரிகை நின்றுபோய்விட்டது, கதையும் புத்தகமாக வரவில்லை. அத்தையின் காதில் அன்று சாயங்காலமே அடுக்களையில் சொல்லிவிட்டாளாம். பிறகு மாமாவுக்கு, என் பிள்ளைகளுக்கு, மருமகள்களுக்கு என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. என்னிடம் மட்டும், "ரெண்டு தடவ படிச்சவங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது" என்கிறாள்.

போன கிறிஸ்மஸுக்குக் கடைசிப் பேத்தி என் மடியில் ஏறி உட்கார்ந்து, "தாத்தா, மரகதம் இருக்காள்ல, அவ..." என்று ஆரம்பித்தாள். அடுக்களையிலிருந்து இந்த வயதில் என்ன வேகத்தில் வந்தாளோ என் மனைவி, குழந்தையின் வாயில் ஒரு முழு அதிரசத்தைத் திணித்துவிட்டுப் போனாள்.