வீட்டுமுறையில் இருப்பவர்கள்

வரைபடம் எழுதியவர்களுக்கு மை தீர்ந்துபோனதால் விடுபட்டுப்போன நாடு ஒன்று இருந்தது. நெடுவாயில் என்று அதற்குப் பெயர். அங்கே அரசாங்கம் நன்றாக நடந்தது. அப்படித்தான் அரசாங்கம் சொன்னது.

ஒரு கோடையில் அந்த நாட்டில் காய்ச்சல் பரவியது. ஆள் கூடும் இடத்தில் காய்ச்சல் கூடுகிறது என்று வைத்தியர்கள் சொல்லவே, அரண்மனை ஊழியர்கள் பாதி நாள் அரண்மனையிலும் பாதி நாள் வீட்டிலும் இருந்து வேலை செய்யட்டும் என்று ஆணை பிறந்தது. வீட்டில் இருக்கும் நாளுக்கு வீட்டுமுறை என்று பெயர் வைத்தார்கள். இருக்கைகள் காலியாகக் கிடந்தால் ஆட்சியே காலியானதுபோல் தோன்றுமே என்று பேரமைச்சர் கவலைப்பட்டார். அதனால் ஒவ்வொரு ஊழியரின் முகத்தையும் களிமண்ணில் செய்து சுட்டு, அவரவர் இருக்கையில் வைத்தார்கள். அந்த முகத்தின் வாயிலிருந்து அவருடைய வீடு வரைக்கும் மூங்கில் குழாய் போட்டார்கள். வீட்டிலிருந்து பேசினால் அரண்மனையில் மண்முகம் பேசும். அரண்மனையில் பேசுவது வீட்டில் கேட்கும்.

பிறகு மண்முகங்கள் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்தின.

பேரமைச்சர் அதற்கும் ஓர் ஆணை வைத்திருந்தார். முகம் இருக்கும்வரை ஆள் இருக்கிறார். வராதவர் வீட்டுமுறையில் இருக்கிறார். அன்றோடு நெடுவாயிலில் சாவு நின்றுபோனது. அண்டை நாட்டுத் தூதர்கள் வந்து பாராட்டி, விருந்துண்டு போனார்கள்.

தானியக் கிடங்குப் பிரிவில் இருந்த வேலப்பன், அந்த ஆணைக்கு முந்தின நாள் தன் மனைவி அஞ்சுகத்தின் மடியில் செத்துப்போனான்.

நெடுவாயிலில் ஒருவர் இறந்தால் அரண்மனை வாயிலில் முரசடித்து அவருடைய பெயரை உரக்கச் சொல்வார்கள். அதன் பிறகுதான் சாம்பலை ஆற்றில் கரைக்கலாம். அதன் பிறகுதான் வீட்டில் அவருக்குச் சாப்பாட்டு இலை போடுவதை நிறுத்தலாம். அதுவரை அவர் புறப்படவில்லை என்று கொள்வது அந்த நாட்டு வழக்கம். சாவு இல்லாத நாட்டில் முரசுக்கு என்ன வேலை? அஞ்சுகத்தின் வீட்டு உத்தரத்தில் வேலப்பனின் சாம்பல் கலயம் தொங்கியது. அதற்குக் கீழே வேளைக்கு வேளை அவனுக்கும் இலை விழுந்தது. மகள் பவளம் தன் இலையைத் தொடாமல் அப்பாவின் இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“சாப்புடு தங்கம்.”

“அப்பா வரட்டும்.”

“நீ மொதல்ல சாப்புடு.”

“வராதவங்களுக்கு யாராச்சும் எல போடுவாங்களா?”

அஞ்சுகம் அவள் கையைப் பிடித்து இலைப்பக்கம் இழுத்தாள். குழந்தையின் மணிக்கட்டில் எலும்பு துருத்த ஆரம்பித்திருந்தது.

அரண்மனையில் வேலை தேங்கியது. வீட்டுமுறை நீண்டுபோனவர்களின் குடும்பத்துக்குக் கருணை வேலை என்று அடுத்த ஆணை வந்தது. முரசைப் பற்றி யாரிடமாவது கேட்கலாம் என்று அஞ்சுகம் அந்த வேலையில் சேர்ந்தாள். அவள் வாயிலைக் கடந்தபோது முரசு முழங்கி அவளுடைய பெயரைச் சொன்னது. உள்ளே வருகிற ஊழியருக்கும் உலகை விட்டுப் போகிறவருக்கும் அங்கே ஒரே முழக்கம்தான்.

புதியவர்களைப் பழக்குவதற்கென்றே மேகநாதர் என்ற அதிகாரி இருந்தார். புதியவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். இருக்கைகள் காலியாக இல்லையே.

“தயக்கம் வேண்டாம். உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வழித்துணை உண்டு. ஐயம் எழுந்தால் வழித்துணையைக் கேளுங்கள். அவர் சொல்கிறபடி செய்யுங்கள். மாலையில் அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்பேன். வழித்துணையோடு நன்கு பழகியவருக்கே பணி நிலைக்கும்” என்றார் மேகநாதர்.

பிறகு அஞ்சுகத்தை ஒரு மண்முகத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பைக்கூடக் குயவர் விட்டுவிடவில்லை.

“ஐயா, இவரு என் வீட்டுக்காரரு.”

“அப்படியானால் பழகுவது எளிது.”

“செத்துப்போயிட்டாருங்க.”

“அந்தச் சொல் அரண்மனை வழக்கில் இல்லை, அம்மா. வீட்டுமுறையில் இருக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் நாக்கு கூசும். போகப்போகச் சரியாகிவிடும்.”

“முரசுல இவரு பேரச் சொல்லணுங்க. பிள்ள சாப்புட மாட்டேங்குது.”

“பிள்ளையைப் பழக்குவது என் துறையில் வராது” என்று மேகநாதர் வருத்தத்தோடு சொன்னார்.

அடுத்த மண்முகத்தின் அடியில் செங்கண்ணன் என்கிற புதியவன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய வழித்துணை அவனுடைய அண்ணன்.

“பயப்படாதீங்கக்கா. எங்கண்ணன் இருந்தப்பவே எதக் கேட்டாலும் பதில் சொல்லமாட்டான். இப்ப எவ்வளவோ தேவல. திட்டுறதாவது இல்ல.”

“சாயங்காலம் அந்த ஆளு கேட்டா என்ன சொல்றது?”

“வாய்க்கு வந்ததச் சொல்லுங்க. நேத்து எங்கண்ணன் எலிப்பொறி பத்தி அருமையா ஆலோசன சொன்னான்.”

அஞ்சுகமும் சொல்லத் தொடங்கினாள். ஈரநெல்லைக் காயப்போடச் சொன்னார் என்றாள். தெற்குத் தெருவுக்கு அளவைக் கூட்டச் சொன்னார் என்றாள். மேகநாதர் மகிழ்ந்தார். சில வாரங்களில் வேலப்பனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. முகத்துக்கு மாலை போட்டார்கள். மாலை போட்ட முகத்துக்குக் கீழே உட்கார்ந்து நெல் அளவைப் பார்க்கும்போது, சில வேளை மூங்கிலுக்குள் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வரும். காற்றாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொள்வாள். வீட்டில் பவளம் மறுமுனையில் வாயை வைத்துக் காத்திருந்தாள் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவை கூடும்போது பேசாத முகங்கள் சம்மதித்ததாகக் கொள்ளப்பட்டன. உப்புக்கு வரி வந்தது. உப்பில்லாமல் சமைப்பவர்களுக்கும் வரி வந்தது. எல்லாம் பெரும்பான்மையோடு நிறைவேறின. முந்தைய எந்த ஆட்சியிலும் இவ்வளவு ஒற்றுமை இருந்ததில்லை என்று பேரமைச்சர் நெகிழ்ந்தார்.

பிறகு ஒருநாள் முரசின் முறை வந்தது. அன்று அஞ்சுகத்துக்கு வீட்டுமுறை. குழாயில் காதை வைத்து அவள் அவையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சாவே இல்லாத நாட்டில் இறந்தவர் பெயரை முரசறைந்து சொல்லும் வழக்கம் எதற்கு? அது இன்றோடு ஒழிக்கப்படுகிறது. மறுப்பவர் உண்டா?” என்றது பேரமைச்சரின் குரல்.

அவை அமைதியாக இருந்தது. பவளம் அம்மாவைப் பார்த்தாள். அஞ்சுகம் காதை எடுத்துவிட்டுக் குழாயில் வாயை வைத்தாள்.

“எனக்குச் சம்மதமில்ல.”

தன் குரல் தொலைவில், வேலப்பனின் வாயிலிருந்து வருவதை அவளே கேட்டாள். நாற்காலி ஒன்று சாய்ந்து விழுந்தது. அப்புறம் ஏதோ ஒரு முகம், “எனக்கும் இல்ல” என்றது. அது செங்கண்ணனின் அம்மாவுடைய குரல். பிறகு கிழவர் ஒருவரின் குரல். பிறகு விசும்பல்கள். குழாய் முழுக்க வீடுகள் பேசின.

பேரமைச்சர் சிரிப்பது கேட்டது.

“கேட்டீர்களா? இறந்தவர் மறுப்பாரா? எல்லோரும் நலமாக இருக்கிறார்கள் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். இவ்வளவு தெம்பு உள்ளவர்கள் வீட்டில் ஏன் கிடக்க வேண்டும்? பொறுங்கள், அரசரைக் கேட்கிறேன்.”

அரசரும் அந்தப்புரத்தில் வீட்டுமுறையில்தான் இருந்தார். அரியணையில் இருந்த அவருடைய முகத்துக்கு மட்டும் பொன் பூசியிருந்தார்கள். அதனருகே குனிந்து கேட்டுவிட்டுத்தான் பேரமைச்சர் எப்போதும் ஆணை சொல்வார்.

“அரசர் ஆணை. வீட்டுமுறை ரத்து. பௌர்ணமியன்று யாவரும் நேரில் வந்தாக வேண்டும். வராதவர் வீட்டுக்குக் கிடங்கிலிருந்து ஒரு பிடி அரிசியும் கிடையாது.”

மாலையில் செங்கண்ணனின் அம்மா அஞ்சுகத்தின் வாசலுக்கு வந்தாள். பின்னால் தெருவே நின்றது.

“நல்லா இருடியம்மா. உன் வாயால எங்க சோத்துலயும் மண்ணு விழுந்துருச்சு.”

“நீங்களும்தான பேசுனீங்க அத்த.”

“பேசுனேன். இப்ப எம் மூத்தவன எங்கேருந்து கூட்டியார்றது?”

அஞ்சுகம் உத்தரத்தில் தொங்கிய கலயத்தை அண்ணாந்து பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

பௌர்ணமியன்று காலையில் அரண்மனைச் சாலை நிறையச் சனம் நடந்து வந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கலயம் இருந்தது. முதலில் அஞ்சுகம் நின்றாள். பவளம் அவள் முந்தானையைப் பிடித்திருந்தாள்.

“யாரு வர்றது?” என்றார் முரசடிக்கும் கடம்பர். வாயில் தாண்டும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான்.

“வேலப்பன். தானியக் கிடங்குப் பிரிவு.”

கடம்பர் கலயத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற மேகநாதரைப் பார்த்தார். மேகநாதர் நெடுநேரம் யோசித்தார். வரவில்லை என்று சொன்னால், எங்கே போனார் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

“நேரில் வந்திருக்கிறார். முழக்குங்கள்” என்றார்.

முரசு அதிர்ந்தது. “வேலப்பன்” என்று கடம்பர் உரக்கச் சொன்னார். அந்த ஒலி கோட்டைச் சுவரில் முட்டி, ஊர்மேல் போய், ஆற்றுப்பக்கம் அடங்கியது. அஞ்சுகம் உள்ளே போய்க் கலயத்தை அவனுடைய இருக்கையில், மண்முகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு முறை கும்பிட்டுவிட்டு, அதை மறுபடி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இனி ஆற்றுக்குப் போகலாம்.

“அப்பா இனிமே வரமாட்டாராம்மா?”

“வரமாட்டாரும்மா.”

பவளம் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பசிக்குது” என்றாள். சுவர் நிழலில் உட்கார்ந்து, கட்டி வந்த சோற்றை அஞ்சுகம் உருட்டி உருட்டிக் கொடுத்தாள். பின்னால் முரசு ஓயவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் வரிசையில் யாரோ ஒருவர் தோளைத் தளர்த்தினார்.

உச்சிவேளையில் வரிசை முடிந்தது. கடம்பர் கோல்களைக் கீழே வைத்தார். அப்போது அந்தப்புரத்தின் கதவு திறந்தது. அரசி வெறுங்காலோடு முற்றத்தைக் கடந்து வாயிலுக்கு நடந்து வந்தாள். பட்டுத்துணி சுற்றிய கலயம் ஒன்றை மார்போடு அணைத்திருந்தாள். சாலையில் இருந்த சனம் ஒதுங்கி வழிவிட்டது. கடம்பர் யார் என்று கேட்கவில்லை. கோல்களைக் கையில் எடுத்துக்கொண்டார்.

திறந்திருந்த அவைக்கதவு வழியே அரியணை தெரிந்தது. பேரமைச்சர் பொன்முகத்தின் வாயருகே காதை வைத்து, அரசர் சொல்வதற்கெல்லாம் பணிவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.