செவ்வாய்க்கிழமைத் தூசி

உலகத்தில் தூசியை வரவேற்று உபசரித்த ஒரே மனிதர் போடிமெட்டு தூசிச்சாமிதான். மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் மண் ஆராய்ச்சிக்காக, மலை உச்சிப் பாறைகளில் எவர்சில்வர் தட்டுகள் வைத்து, அவற்றில் கோலிக்குண்டுகளைப் பரப்பியிருந்தார். காற்றில் வரும் தூசி கோலிகளுக்கிடையே தங்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழுவி, காயவைத்து, நிறுப்பார். மொத்தம் பன்னிரண்டு தட்டு என்பார். இரண்டாயிரத்து மூன்றில், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாராக மகளின் ஏலத்தோட்டத்துக்குக் குடிவந்த நான் எண்ணிப் பார்த்தால் பதினொன்றுதான் வந்தது. இரண்டு நாள் தூக்கமில்லை.

"பாறை மட்டுமா சார் மண்ணாகுது? இந்த மலை மண்ணுல ஒரு பங்கு காத்து கொண்டாந்தது. தையில கம்பம் பக்கத்து உழவுப் புழுதி, ஆடியில கடலுக்கு அந்தப் பக்கத்துப் பாலைவனம். பாறையில இல்லாத சத்தெல்லாம் அதுலதான் வருது. உங்க ஏலச்செடி பாதி வெளியூர்ச் சாப்பாடுல்ல சாப்பிடுது!" என்பார் தூசிச்சாமி.

அதற்காக எல்லாத் தூசியையும் மதிப்பார் என்று நினைக்க வேண்டாம். ஜீப் வந்தால் குறுக்கே நிற்பார். "ஏலே, மெதுவாப் போ! உள்ளூர்த் தூசியக் கெளப்பி என் தட்டுல போட்டுறாத!" டீக்கடை ஆத்தா வாசல் கூட்டினாலும் காற்றின் திசை பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

"ஒன் வீட்டுக்காரி பாவம்யா," என்பார் ஆத்தா. "வெளக்குமாத்தத் தொடவே பயப்படுவா."

முந்தைய வருடம் குரங்குகள் கோலிகளை வாரிப்போனதில் வேலை முழுக்க வீண். இந்த வருடமும் கெட்டால் தட்டுகளை எடுத்துவிட வேண்டியதுதான் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு மாசிக் காலையில் மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார்! முருகன் கோயில் பாறைத் தட்டுல சாம்பல்! வெள்ளைவெளேர்னு! எங்கனயோ எரிமலை வெடிச்சிருக்கு. மத்தியான பஸ்ல போயி கல்லூரியில சொல்லப்போறேன்."

 செவ்வாய்தோறும் அந்தக் கோயிலுக்குப் போகிறவன் நான். பூசியது போக மீந்த திருநீற்றைக் கீழே கொட்ட மனம் வருமா? பாறைமேல் ஏதோ புண்ணியவான் தட்டு வைத்திருக்கிறார் என்று அதில் போட்டு வந்தேன். கோலிகளை, பரீட்சையில் பாஸான பிள்ளையின் நேர்த்திக்கடன் என்று நினைத்திருந்தேன். என் எண்ணிக்கையில் வராத பன்னிரண்டாவது தட்டு அதுதான்.

சொல்லாமல் விட்டால் கல்லூரியில் அவர் மானம் போகும். சொன்னால் தட்டு போகும்.

"தம்பி, அந்த எரிமலை நான்தான்."

அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எத்தனை செவ்வாய் சார்?" என்றார்.

"இந்த மூன்று மாதத்தில் பதிமூன்று. ஒன்றில் எனக்குக் காய்ச்சல். ஆகப் பன்னிரண்டு. ஒவ்வொரு தடவையும் மூன்று விரல் அள்ளு, பாதி நெற்றிக்கு."

அவர் முகம் மலர்ந்தது. "எண்ணி வச்சிருக்கீகளா! அப்புறமென்ன, கழிச்சிருவோம்!"

தராசோடு என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போனார். பூசாரி கொடுக்க, நான் அள்ளிப் பூச, மீதியை அவர் நிறுக்க, பன்னிரண்டு முறை. முடிவதற்குள் என் நெற்றி வெள்ளையடித்த சுவராகிவிட்டது. தட்டில் சேர்ந்ததிலிருந்து அந்த எடையைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது அரைக் கரண்டித் தூசி.

"மத்த பதினொன்னோட ஒத்துப்போகுது சார்! தட்டு பொழச்சுது!"

எதையும் எண்ணிப் பார்க்கும் என் பழக்கத்துக்காக வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் சிரித்திருக்கிறார்கள். அதற்காகக் கையைப் பிடித்து நன்றி சொன்னவர் அவர் ஒருவர்தான்.

தூசிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் மலையிறங்கினார். வளைவுக்கு வளைவு பஸ் தெரிந்துகொண்டே இருந்தது. கடைசி வளைவில் ஜன்னலில் ஒரு கை அசைந்தது. அவர் கைதானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். யார் கையாக இருந்தால் என்ன, நான் பதிலுக்கு ஆட்டியது அவருக்குத்தான்.