வயரிங் காருவும் என் மகனின் குடலும்

ஐதராபாத்தில் வணக்கத்துக்குப் பதிலாக "மோஷன் போச்சா?" என்று கேட்ட ஒரே மனிதர் எங்கள் வயரிங் காருதான்.

தெலுங்கில் 'காரு' என்றால் மரியாதை. குஷாய்குடாவுக்குப் புதிதாகக் குடிவந்த எனக்கு அது தெரியாது. "வயரிங் காரு வர்றாரு" என்று பக்கத்து வீட்டம்மா சொன்னதும், ஸ்கூட்டரை நகர்த்தி இடம் விட்டேன். மதுரைக்காரர் ஒருவர் நடந்து வந்தார்.

எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வயர் இழுத்தே ஓய்வு பெற்றவர். மனித உடம்பும் அவருக்கு ஒரு பேனல்தான்.

"வயித்துக்குத் தனி வயரிங் தம்பி, மூளையக் கேக்காமலே ஓடும். வயசானா வயரு ஒண்ணொண்ணா கழண்டுக்கும். நம்ம லைன் ரொம்ப வீக்கு!"

அதற்காக விடியற்காலையில் மொட்டைமாடியில் நாற்பது சுற்று நடப்பார். காரியம் முடிந்தால் பால்கனியில் நின்று அறிவிப்பார். அல்வாலில் ஒரு கல்யாணத்தில் மேடையேறி மாப்பிள்ளையையே கேட்டுவிட்டார். பந்தியில் பாதிப்பேர் எழுந்து போனார்கள்.

எனக்கு மகன் பிறந்தான். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டோம். டாக்டர் கவனிக்கச் சொன்னதையெல்லாம் பெயர் வைக்கும் சண்டையில் மறந்தோம். "சமத்து! ஒரு துணிகூட அழுக்காக்கல" என்று மாமியாருக்குப் பெருமை.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் சாயங்காலம் காரு வந்தார். குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"மோஷன் போச்சா?"

"பச்சப்புள்ளகிட்டயுமா? சீ!" என்றார் மாமியார்.

"இன்னும் இல்ல மாமா" என்றாள் என் மனைவி.

அவர் முகம் மாறியது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கும்மென்று இருந்தது. "கைக்கு, ஏன் இன்னும் உக்காந்திருக்கீங்க? நாளைக்கெல்லாம் நக்கோ, வேணாம். கிளம்புங்க!"

செகந்திராபாத்தில் டாக்டர் சோதித்துவிட்டுச் சொன்னார்: "கருவிலேயே குடல் நரம்பு மேலிருந்து கீழ வரைக்கும் இறங்கணும். இவனுக்குக் கடைசியில கொஞ்ச தூரம் இறங்கல. அந்தப் பகுதிய எடுத்துட்டா நல்லா இருப்பான். நேரத்துல வந்தீங்க."

அந்த மனிதரைப் பார்த்து எத்தனை நாள் சிரித்திருக்கிறேன்!

ஆபரேஷன் முடியும்வரை காரு வராந்தாவில் சுற்றுக் கணக்கில்லாமல் நடந்தார். பல நாள் கழித்து ஒரு காலையில், வார்டிலேயே மகன் துணியை முழுசாக நாசம் செய்தான். நானும் மனைவியும் கட்டிக்கொண்டு அழுதோம். காருவுக்குப் போன் போட்டேன்.

ஆட்டோவில் பறந்து வந்தார், கையில் இரண்டு கிலோ ஜிலேபி. வார்டு வாசலில் காவலாளி மறித்தார். சொந்தக்காரர்கள் மட்டும்தான் உள்ளே போகலாமாம். இவர் யார் என்று என்னைக் கேட்டார்.

"எங்க வீட்டுப் பெரியவர்" என்றேன்.