ஒற்றைச் சீட்டு அர்த்தக்காரர்

முதலில் சீட்டைச் சட்டை நுனியில் துடைப்பார். பிறகு ஃபூ என்று ஓர் ஊது. மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "மனசுல நெனச்சுக்கிட்டு ஒண்ணு எடுங்க" என்பார். மேசைமேல் இருப்பதே ஒன்றுதான்.

அர்த்தக்காரர் என்னும் இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேனா மூடி தொலைந்தால் ஒரு அர்த்தம், மின்விசிறி கிறீச்சிட்டால் ஒரு அர்த்தம், மேலாளர் இரண்டாம் தடவை தும்மினால் அதற்கென்று தனியாக ஒன்று. அர்த்தமே இல்லாமல் கிடப்பவை அவர் மேசையில் மூன்று மாதமாகத் தூங்கும் கோப்புகள் மட்டும்தான்.

எங்கள் பதிவேட்டுப் பிரிவின் அர்த்தக்காரருக்கு வாய்த்தது டாரட் சீட்டு, படம் பார்த்துக் குறி சொல்லும் மேல்நாட்டுச் சீட்டு. முழுச் சீட்டுக்கட்டில் எழுபத்தெட்டு உண்டாம். இவருக்கு ஒரு பழைய புத்தகத்துக்குள் கிடைத்தது ஒன்று. போதாதா? அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் அடங்கவேண்டும் என்று மேலும் கீழும் கத்தரித்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

படத்தில் ஒரு ஆள். குறுக்குக் கட்டை ஒன்றின்மேல் ஒற்றைக் காலில் நிற்கிறான். மறுகால் மடிந்திருக்கிறது. கைகள் முதுகுக்குப் பின்னால்.

"பாருங்க, கால்ல சலங்கை. முடி எப்படி மேல பறக்குது! ஜெயிச்சவன் மேடையில ஆடுறான் சார்."

வீடு மாறலாமா? ஆடுறான், மாறுங்க. பல்லைப் பிடுங்கலாமா? ஆடுறான், பிடுங்குங்க. கேள்வி எதுவானாலும் அவன் ஆடிக்கொண்டே இருந்தான்.

ஒருநாள் மதியம் எதிர் மேசை அக்கா வந்து நின்றார். பதினோரு வருடத்துக்குப் பிறகு பதவி உயர்வு. ஆனால் வேறு ஊர். சம்மதக் கடிதம் கொடுக்க அன்று மாலை ஐந்து மணிதான் கெடு. வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டாராம். கல்யாணமானவர்களுக்குத் தெரியும், அந்த இரண்டு வார்த்தையின் கனம்.

"ஒழுங்கா சொல்லுங்கண்ணே, விளையாட்டு இல்ல. வீடு, பிள்ளையோட ஸ்கூலு, எல்லாத்தையும் பேத்துக்கிட்டுப் போகணும்."

"ஒண்ணு எடும்மா."

"இருக்கிறதே ஒண்ணுதானே!"

"அதுக்குப் பேருதாம்மா விதி."

எடுத்தார். அவன் ஆடினான்.

"கெளம்பும்மா! போயே தீருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான் பாரு. போயிட்டு வா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்த மாதம் எதிர் மேசை காலி.

நான்கு மாதம் கழித்து ஒரு புத்தகக் கடையில், கண்ணாடிக்குள் விரித்து வைத்திருந்த முழுச் சீட்டுக்கட்டில் நம் ஆட்டக்காரனைப் பார்த்தேன். தலைகீழாக. காலில் சலங்கை இல்லை; கயிறு. மேடை இல்லை, மரச்சட்டம். அவன் ஆடவில்லை ஐயா, தொங்குகிறான்! பக்கத்திலிருந்த சிறுபுத்தகம் சொன்னது: 'பொறுத்திரு. அவசரப்பட்டு அடி எடுத்துவைக்காதே.' எது மேல், எது கீழ் என்று காட்டும் பெயரும் எண்ணும் அந்த ஓரங்களில்தான் இருந்தன. அவற்றைத்தான் நம்மவர் கத்தரித்து எறிந்திருந்தார்.

ஒரு குடும்பத்தையே கிளப்பி அனுப்பிவிட்டாரே மனிதர்! மறுநாள் அவரிடம் சொன்னேன். அரை நிமிடம், அரையே நிமிடம், சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, தொங்குறவனுக்கு நாமதான் தலைகீழ். இதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் பேருந்தைத் தவறவிட்டுவிட்டு, "எல்லாம் ஒரு காரணமாத்தான்" என்றீர்களே, அப்போது சீட்டை எந்தப் பக்கம் பிடித்திருந்தீர்கள்? எதற்கும் உங்கள் கழுத்தையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாரத் தைரியம் தேவைப்பட்டது. தொலைபேசியில் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"தொங்கினா தொங்கிட்டுப் போறான், விடுடா தம்பி. வீட்ல ஒருத்தரும் போயிட்டு வான்னு சொல்லல. யாராச்சும் சொல்லிக் கேக்கணும்போல இருந்துச்சு, அதான் அண்ணங்கிட்ட வந்தேன். லெட்டரை நான் அன்னிக்குக் காலைல பத்து மணிக்கே குடுத்துட்டேன்."