சீமெண்ணெய் சாரும் மூன்றாம் பாரத்து நோட்டீஸ் போர்டும்

இந்த மதராஸ் பட்டணத்தில் அவரைப் போல் கோபப்பட்ட மனிதர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சாந்தோம் பள்ளிக்கூடத்தில் எங்கள் மூன்றாம் பாரத்து, அதாவது எட்டாம் வகுப்பு, வாத்தியார். தீக்குச்சியைக் காட்டினாலே பற்றிக்கொள்வார் என்பதால் பெயர் ‘சீமெண்ணெய் சார்’. காக்கை கத்தினால் கோபம். கத்தாவிட்டால், “எங்கேடா தொலைஞ்சுது?” என்று அதற்கும் கோபம். கோபம் முற்றினால் இலக்கணத் தமிழ் ஓடிப்போய், அவர் பிறந்து வளர்ந்த பட்டினப்பாக்கத்துத் தமிழ் வந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், வகுப்புக்கு வந்த முதல் நாளே நோட்டீஸ் போர்டைப் பார்த்தார். ‘பேசாதே, ஓடாதே, சிரிக்காதே’ என்று ஹெட்மாஸ்டர் அழகாக எழுதி ஒட்டியிருந்தார்.

“இது யார் போர்டுடா?”

“ஹெட்மாஸ்டர் போர்டு, சார்.”

அவ்வளவுதான். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டார்.

“இனிமே இந்த போர்டு உங்களுது. இன்னா வேணா ஒட்டுங்க. ஒட்டலேன்னா தோலை உரிச்சுடுவேன்!”

உலகத்திலேயே பிரம்பைக் காட்டிச் சுதந்திரம் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

பயந்துகொண்டே ஒட்டினோம். பாஷா உருதுவில் ஒரு பாட்டு எழுதினான். மீன்காரர் மகன் ஆரோக்கியம் மீன்களை வரைந்து பெயரும் எழுதி, பக்கத்தில் அசல் கருவாட்டு வாலையும் குத்திவைத்தான். வகுப்பே மூக்கைப் பொத்தியது. சார் கிட்டே போய்ப் பார்த்தார். முகம் சிவந்தது.

“வஞ்சரத்துக்கு எந்த ‘ர’டா போட்டுக்கீறே?”

“பெரிய ‘ற’, சார். மீனு பெருசு இல்லே?”

“திருத்துடா! வால் அங்கியே கெடக்கட்டும்!”

நான், தலையில் தீ எரிகிற ஒரு வாத்தியாரை வரைந்து ஒட்டினேன். யாரென்று சொல்ல வேண்டியதில்லை. சார் படத்துக்கு நேரே வந்து நின்றார்.

“தீ சரியா கீது. மூக்கு எனக்கு இவ்ளோ பெருசாடா? மாத்து!”

பிறகு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்ற செய்தி வந்தது. ஹெட்மாஸ்டர் உள்ளே வந்தார். “என்னய்யா இது, மீன் மார்க்கெட்டா?” என்று அத்தனையையும் எங்கள் கண்ணெதிரே கிழித்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆரோக்கியம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். சார் குனிந்து கருவாட்டு வாலைப் பொறுக்கி மேஜைமேல் வைத்தார்.

சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். “போர்டு ஏன் காலியாக இருக்கிறது?”

“பசங்களுக்கு இன்னும் அந்த அளவுக்குத் திறமை போதாதுங்க” என்றார் ஹெட்மாஸ்டர்.

பற்றிக்கொண்டது சீமெண்ணெய். “பொய்! இப்பத்தான் ரொம்பி வழிஞ்சுது! கிழிச்ச ஆளு தோ நிக்கிறாரு, அவரைக் கேளுங்க!”

இன்ஸ்பெக்டர் யாரையும் கேட்கவில்லை. அந்த வாரமே சாருக்கு வேலை போயிற்று.

போகிற அன்று வாசற்படியில் நின்று எங்களை முறைத்தார். “போர்டு ஏண்டா இன்னும் காலியா கீது? நான் போறேன்னா நீங்களும் பூட்டீங்களா? ஒட்டுங்கடா!”

ஒட்டினோம். பசை காய்வதற்குள் புது வாத்தியார் வந்துவிட்டார். மிகவும் சாந்தமானவர். “உட்காருங்கள், கண்ணுகளா” என்றார்.

எங்களுக்கு அழுகை வந்துவிட்டது.